மழைநாட்களில் பாய்ந்து வரும் பதிவுகளும் ஒரு பைத்தான் நிரலும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணிக் கரையோர ஊர்களில் எந்தத் தெருவில் தண்ணீர் ஏறுகிறது, எந்தப் பாதை அடைபட்டிருக்கிறது என்று மக்கள் சமூக ஊடகங்களில் எழுதிக்கொண்டே இருந்தார்கள். அப்படிப்பட்ட பதிவுகளை வந்த கணமே திரட்டும் நிரல் ஒன்று, பைத்தான் என்ற நிரல்மொழியில், நம் மாவட்டத்திற்கு வேண்டும் என்பதே என் எண்ணம். ட்விட்டர் பதிவுகளைத் திரட்ட உதவிய இலவச ஏபிஐ (வேறு நிரல்கள் தரவு பெறும் வழி) 2023இல் நின்றுபோனதால், ப்ளூஸ்கை என்ற சமூக ஊடகத்தின் பதிவுகளை உள்நுழைவு கேட்காமல் உடனுக்குடன் அனுப்பும் ஜெட்ஸ்ட்ரீம் சேவையை எடுத்துக்கொண்டேன்.

வெப்சாக்கெட்டிலிருந்து (தரவு இடைவிடாமல் வர, திறந்தே இருக்கும் இணைப்பு) பதிவை வாங்கும் த்ரெட் (நிரலுக்குள் தனியே ஓடும் ஒரு வேலைத்தொடர்) வேறு எந்தக் கனமான வேலையையும் செய்யக் கூடாது. பதிவு வரும் ஜேசன் என்ற தரவு வடிவத்தைப் பிரிப்பது, ஊர்ப்பெயர் தேடுவது, சேமிப்பது ஆகிய அனைத்தையும் அதே த்ரெட்டில் வைத்தால், வாசிப்பு பின்தங்கி, மறுமுனையே இணைப்பைத் துண்டித்துவிடக்கூடும். ஆகவே அது பதிவை ஒரு கியூவில் (வந்த வரிசையில் காத்திருக்கும் இடம்) போட்டுவிட்டு உடனே அடுத்ததை வாங்கப் போக வேண்டும். ஆற்றுக் கால்வாய்க்கும் வயலுக்கும் இடையே நம் ஊர்க் குளம் செய்யும் வேலைதான் கியூவின் வேலை. கொள்ளளவு குறிக்காத கியூ நினைவகத்தை விழுங்கிவிடும்; கொள்ளளவு குறித்தால், நிறைந்தபின் மறுகால் பாய்வது எங்கே என்று முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். உதவி கேட்டு வந்த பதிவு அதில் போய்விடக் கூடாது என்பதால், எதைக் கழிப்பது என்பதைக் கியூவுக்கு முன்பே முடிவு செய்கிறேன். எழுத்துகளுக்கு எண் தரும் தரமான யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களில் ஒன்றேனும் வராத பதிவு உள்ளே நுழைவதில்லை. இந்தச் சோதனைக்கு ஆகும் நேரம் மிகக் குறைவு. உலகப் பதிவுகளில் பெரும்பகுதி இங்கேயே நின்றுவிடுகிறது.

ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டுமே இயங்க விடும் பைத்தானின் ஜிஐஎல் பூட்டு இருக்கையில் த்ரெட்டுகளால் பயனில்லை என்பாருண்டு. வலையமைப்பில் தரவுக்காகக் காத்திருக்கும்போது அந்தப் பூட்டு விடுவிக்கப்படுவதால், இவ்வகை வேலைக்கு அந்த வாதம் பொருந்தாது.

தேடலில் கவனிக்க வேண்டியது எழுத்துக்குறி. ‘கொக்கிரகுளம்’ என்பதன் முதல் எழுத்திலுள்ள ஒகரக்குறியை ஒற்றைக் குறியாகவும் இரண்டு துண்டுகளாகவும் உள்ளிட முடியும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் நிரலுக்கு அவை வெவ்வேறு. இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றும் யூனிகோட் இயல்பாக்கம் செய்த பிறகே ஒப்பிட வேண்டும்.

பதிவுகளைச் சேமிக்கும் எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் ஒரு நேரத்தில் ஒருவரே எழுத இயலும் என்பதால், சேமிப்புக்குத் தனியாக ஒரே த்ரெட் வைத்திருக்கிறேன். பதிவுடன் ஜெட்ஸ்ட்ரீம் தரும் மைக்ரோவினாடி நேரக்குறியும் அதே பரிவர்த்தனையில் (முழுதாக நிகழும், இல்லையேல் எதுவும் நிகழாத எழுத்துச் செயல்) சேமிக்கப்படுகிறது. மின்சாரம் போய் இணைப்பு அறுந்தால், அந்தக் குறியைக் கொடுத்து விட்ட இடத்திலிருந்தே தொடரலாம்.