உப்புப் பாத்த கதை

பள்ளிக்கூட மலருக்கு ஏதாவது எழுதித் தா எண்டு பழைய மாணவர் சங்கத்தில இருந்து ரெண்டு மூண்டு வருசமாக் கேட்டுக்கொண்டு இருக்கினம், நானும் கிரிக்கெட் மச் பற்றி எழுதுவம் எண்டு தள்ளிக்கொண்டே வந்தன். இந்த வருசம் மாசி மாசம் எங்கட கணக்குச் சேரின்ர மனுசி, நாங்கள் எல்லாரும் அன்ரி அன்ரி எண்டு கூப்பிட்டவா, கனடாவில, ஸ்காபரோவில மோசம் போயிட்டா. அவா எங்கட பள்ளிக்கூடத்தில படிச்சவாவும் இல்ல, படிப்பிச்சவாவும் இல்ல. ஆனா 90க்கும் 95க்கும் இடையில உயர்தரம் எடுத்த எங்கட பெடியளில கனபேரைத் தாங்கினது அவான்ர குசினிதான், அதை எழுதாமல் வேற எதை எழுதுறது.

90 ஆனியில ஆமிக்கும் இயக்கத்துக்கும் சண்டை திரும்பத் தொடங்க, கரண்ட் போனது போனதுதான். பொருளாதாரத் தடை வேற. சோப், பற்றரி, மண்ணெண்ணெய் ஒண்டுமே ஒழுங்கா வராது. ஜாம் போத்திலுக்குள்ள பஞ்சு வைச்சு, அதில கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டு, கம்பியில திரி மாட்டிக் கொளுத்துற சிக்கன விளக்குத்தான், எங்கட காலத்துப் பெடியளுக்குச் சொல்லத் தேவையில்ல. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில சேர் வீட்டு விறாந்தையில ரெண்டு விளக்கைச் சுத்தி ஆறேழு பேர் இருப்பம், சேர் தூய கணிதம், பிரயோக கணிதம் ரெண்டும் படிப்பிப்பார், காசு கேட்டதே இல்ல. ஒருநாள் தண்ணி குடிக்கக் குசினிக்குப் போனன். அங்க விளக்கே இல்ல. அடுப்பு நெருப்பு வெளிச்சத்தில அன்ரி குந்தியிருந்து தேங்காய் துருவுறா, சிரட்டைக்குள்ள பூ முடிஞ்சுதோ எண்டு விரலால தடவித் தடவிப் பாக்கிறா. ஏன் அன்ரி இருட்டில எண்டு கேட்டன். "எனக்கு என்ன தம்பி, நான் என்ன கணக்கே செய்யிறன்" எண்டா. வீட்டில இருந்த எண்ணெய் முழுக்க விறாந்தைக்கு வந்தது எண்டு அண்டைக்குத்தான் எனக்கு விளங்கினது.

அப்ப அப்பா கொழும்பில, பாதை பூட்டு, காசு வராது. அம்மா எங்கள் நாலு பேருக்கும் பங்கு வைச்சால் அவாவுக்கு மிஞ்சாது, அதால நான் ரியூசன் நாளில சேர் வீட்டில சாப்பிட்டிட்டன் எண்டு அம்மாட்டப் பொய் சொல்லுவன். பசியோட வந்து இருக்கிறதை நான் ஆருக்கும் காட்டினதில்ல, காட்டினால் மானம் போயிடும் எண்டு நினைக்கிற வயசு. அன்ரி ஒருநாளும் "சாப்பிட்டியோ" எண்டு கேக்கமாட்டா. கணக்கு முடியிற நேரம் பாத்து உள்ள இருந்து குரல் வரும், "தம்பி, ஒருக்கா வந்து உப்புப் பார் ராசா, எனக்கு இண்டைக்கு நாக்கு ருசி தெரியேல்ல." போனால் கோப்பையில புட்டு, கத்தரிக்காய்க் குழம்பு. ஒரு வாய் வைச்சு "சரியா இருக்கு அன்ரி" எண்டால், "ஒரு வாயில தெரியாது, இன்னும் கொஞ்சம் போட்டுப் பார்" எண்டு புட்டை அள்ளிப் போடுவா. கோப்பை காலியாகும் மட்டும் உப்புப் பாக்கிறதுதான். அன்ரிக்கு என்ர நாக்கில ஒரு நம்பிக்கை எண்டு உண்மையாவே நினைச்சுக்கொண்டு இருந்தனான்.

95 ஐப்பசி 30, ஆமி முன்னேறி வர, அந்த மழை இரவு யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிச் சனமே எழும்பி நடந்தது. செம்மணி, நாவற்குழிப் பாலம் தாண்டினதை எழுத வெளிக்கிட்டால் மலர் காணாது. கொடிகாமத்தில ஒரு வளவில சேர் குடும்பத்தைக் கண்டன், மாமரத்துக்குக் கீழ நாப்பது பேர் மட்டில. சைக்கிள் கரியரில கட்டிக்கொண்டு வந்த பெரிய பானையில அன்ரி ஒடியல் கூழ் காச்சிறா. மீனும் இல்ல, இறாலும் இல்ல, மரவள்ளியும் முருங்கை இலையும் பழப்புளியும்தான். முன்பின் தெரியாத ஒரு ஐயா தனிய மூலையில இருந்தவர், கூழ் வேண்டாம் எண்டிட்டார். அன்ரி பலா இலையைக் கோலி ஊத்திக் கொண்டுபோய், "ஐயா, நீங்கள் பெரியவர், உப்புக் காணுமோ எண்டு சொல்லுங்கோ" எண்டா. அவர் மூண்டு இலை குடிச்சவர்.

பிறகு மகள் ஸ்பொன்சர் பண்ணி சேரும் அன்ரியும் கனடா வந்திட்டினம். பேரப்பிள்ளையளுக்கு அம்மம்மா எண்டால் உயிர். பேஸ்மென்ரில வாடகைக்கு இருந்த புதுசா வந்த பெடியளுக்கும் சோறு கறி மேல இருந்து போகும். சேர் பாரிசவாதத்தில விழுந்த பிறகு எட்டு வருசம் அவருக்குக் கஞ்சி பருக்கினது அன்ரிதான், மகள் கேட்டும் கரண்டியைக் குடுக்கேல்ல.

செத்தவீட்டில எங்கட பட்ச் பெடியள் அஞ்சு பேர் ஒரு கரையில நிண்டு கதைச்சம். நான் உப்புப் பாத்த கதையைத் தொடங்க, பக்கத்தில நிண்டவன் என்ர முகத்தைப் பாத்தான். அவனையும் கூப்பிட்டவாவாம். மற்றவனையும். அஞ்சு பேரும் முப்பது வருசமா, தன்னை மட்டும்தான் அன்ரி கூப்பிட்டவா எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திருக்கிறம், வேற வேற நாளில, வேற வேற கறிக்கு.

சேரின்ர வீல்செயாருக்குப் பக்கத்தில குந்தி இதைச் சொன்னன். அவருக்கு இப்ப பேச்சுத் தெளிவில்ல, மெல்ல மெல்லத்தான் வரும். என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு சொன்னார், "அவாவுக்கு... உப்பு... ஒருநாளும் பிழைக்கேல்லயடா தம்பி."