மஞ்சளா, பச்சையா?

மகனுக்கு அப்போது நாலு வயது. காலையில் எழும்போது கண் இமை இரண்டும் உப்பியிருக்கும், மத்தியானத்துக்குள் வடிந்துவிடும். பக்கத்து டாக்டர் அலர்ஜி என்று சிரப் எழுதிக் கொடுத்தார். பத்து நாள் அதையே ஊற்றினேன். டவுசர் எலாஸ்டிக் இடுப்பில் பள்ளம் போட, வயிறும் உப்பிய பிறகுதான் வேறொரு குழந்தை மருத்துவரிடம் ஓடினோம். அவர் முழங்காலுக்குக் கீழே எலும்பின்மேல் கட்டைவிரலால் அழுத்தினார். எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. சிறுநீரில் புரதம் மிக அதிகம், 4+; ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதமோ குறைந்து 1.6. நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்ற சிறுநீரகக் கோளாறு.

கிட்னி என்றதும் எனக்கு டயாலிசிஸ்தான் கண்ணுக்குள் வந்தது. டாக்டர் பொறுமைசாலி. "வடிகட்டியில ஓட்டை பெருசான மாதிரிம்மா, ஆல்புமின் ஒழுகிப் போகுது. இந்த வயசுல முக்கால்வாசிப் பிள்ளைங்களுக்கு ஸ்டீராய்டு கேட்கும்" என்றார். கேட்காவிட்டால்தான் பயாப்ஸியாம், சிறுநீரகத்தில் ஊசியால் துளி சதை எடுத்துப் பார்ப்பது.

பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு, எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம், ஆறு வாரம் தினமும். அப்புறம் 1.5 மில்லிகிராமாக, ஒருநாள் விட்டு ஒருநாள் இன்னும் ஆறு வாரம். ஒன்பதாம் நாள் புரதம் நின்றது. பதிலுக்கு முகம் பூரியானது, ராத்திரி பதினொன்றுக்குத் தோசை கேட்டு அழுகை. உப்பைக் குறைக்கச் சொன்னதால் அப்பளமும் ஊறுகாயும் வீட்டைவிட்டே போயின. "பச்சப்புள்ளைக்கு என்ன பத்தியம்" என்று மாமியார் ஒளித்துவைத்து ஊட்டிய மிக்சரை நான் கண்டுபிடித்தது தனிக் கதை.

உண்மையான வேலை வீட்டில்தான். தினமும் முதல் சிறுநீரில், புரதம் இருந்தால் நிறம் மாறும் ஸ்டிரிப்பை நனைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் டப்பாவின் வண்ணக் கட்டங்களோடு வைத்துப் பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் நல்லது. பச்சை அடர்ந்தால் புரதம். டியூப்லைட்டில் பார்த்து இரண்டு தடவை ஏமாந்திருக்கிறேன். தேதி, எடை, நிறம், மாத்திரை எல்லாம் நோட்டில் ஏறும்.

மருந்து நிறுத்தி மூன்றாம் மாதம் சளி பிடித்தது. நோட்டில் 1+, 3+, 3+, 3+. மூன்று நாள் தொடர்ந்து 3+ வந்தால் திரும்பி வந்துவிட்டது என்று கணக்கு. முதல் தடவையைவிட அன்றுதான் அதிகம் அழுதேன். ஆனால் இமை வீங்கும் முன்பே மருந்து ஆரம்பித்துவிட்டோம், ஆஸ்பத்திரியில் படுக்கவில்லை.

இப்போது எட்டு மாதமாக மஞ்சள். நிமோனியா போன்ற தொற்றுகளுக்கான நிமோகாக்கல் தடுப்பூசி போட்டாயிற்று. ஸ்டிரிப் டப்பா தீர இன்னும் பதினோரு குச்சி பாக்கி; கப்பை நீட்டிவிட்டு, "என்ன கலரும்மா?" என்று அவனே கேட்கிறான்.