நூறு கிராம்

எங்கள் வீட்டில் பலகாரம் போட்டு விற்கிறோம். காரைக்குடியில் இது ஒன்றும் புதிதில்லை. சீப்புச்சீடையை 100 கிராம் பாக்கெட்டாக எடை போட்டு ஒட்டுவது என் வேலை. 2024 ஆகஸ்ட் 7 மதியம் அந்த வேலையில் இருந்தபோதுதான் செய்தி வந்தது: பாரிஸ் ஒலிம்பிக் மல்யுத்த இறுதிப் போட்டிக்கு முன் வினேஷ் போகாட் தகுதி நீக்கம், 50 கிலோ பிரிவில் எடை 100 கிராம் கூடுதல். தராசில் இருந்த பாக்கெட்டையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கைப்பிடி சீடை, அவ்வளவுதான்.

அதற்கு முந்தின நாள்தான் வினேஷ், யுய் சுசாகியை, சர்வதேசப் போட்டிகளில் அதுவரை தோற்றே அறியாத அந்த ஜப்பான்காரரை, கடைசி சில வினாடிகளில் மடக்கி 3-2 என்று ஜெயித்திருந்தார். ராத்திரி அரையிறுதியும் முடிந்தபோது பக்கத்து வீட்டு அண்ணன் வாசலில் நின்று சத்தம் போட்டார், "நம்ம புள்ள தங்கம் வாங்கிரும் பாரு!" மறுநாள் மதியம் அதே அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து, "எடையைக்கூடப் பாத்துக்கத் தெரியலையே அந்தம்மாவுக்கு" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

ஏமாற்றம் வரட்டும், அழுகைகூட வரட்டும், அதில் தப்பே இல்லை. ஆனால் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு பேச வேண்டாமா? மல்யுத்தத்தில் இரண்டு நாளும் காலையில் எடை பார்ப்பார்கள். முதல் நாள் எடை சரியாகத்தான் இருந்தது. மூன்று பேரோடு மோதிவிட்டுக் கொஞ்சம் தண்ணீரும் சாப்பாடும் எடுத்ததில் எடை ஏறிவிட்டது, அதுவும் இரண்டு கிலோவுக்கு மேல். அதைக் குறைக்க ராத்திரி முழுக்கத் தூங்காமல் வியர்க்க வியர்க்கப் பயிற்சி, கடைசியில் தலைமுடியைக்கூட வெட்டினார்கள். அப்படியும் 100 கிராம் நின்றுவிட்டது. இரண்டாம் நாள் எடை தவறினால் முதல் நாள் வெற்றியும் சேர்ந்து போய்விடும், கடைசி இடம்தான். அதே ஒலிம்பிக்கில் மீராபாய் சானு 199 கிலோ தூக்கி நாலாவதாக வந்தார், வெண்கலம் வாங்கியவர் தூக்கியது 200. அவரையும் விட்டுவைக்கவில்லை நம் ஆட்கள்.

இதெல்லாம் வடக்கே யாருக்கோ நடந்தது என்று தள்ளிவிடவும் முடியாது. இங்கிருந்து ஒரு மணி நேரம் பஸ்ஸில் போனால் புதுக்கோட்டை. அந்த மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜன், செங்கல் சூளைத் தொழிலாளர் வீட்டுப் பெண், 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கியபோது எங்கள் பக்கமும் பெருமை தாங்கவில்லை. பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பிடுங்கிய பிறகு டீக்கடைகளில் அவரைப் பற்றிப் பேசிய பேச்சை எழுதக் கை கூசுகிறது. எந்தத் தப்பும் செய்யாத ஒருவர். அப்புறம் அவரே சூளையில் கூலி வேலை பார்க்கும் நிலைமை வந்தது, வெகுநாள் கழித்துத்தான் நிரந்தரமான பயிற்சியாளர் வேலை கிடைத்தது. நான் அன்றைக்கு யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை, அது இன்னும் உறுத்துகிறது.

அதனால்தான் இந்தத் தடவை அண்ணனிடம் சொல்லிவிட்டேன், அப்படிப் பேசாதீங்க, ராத்திரி பூரா பட்டினி கிடந்து ஓடியிருக்கு அந்தப் பொண்ணு என்று. அவர் ஒன்றும் சொல்லவில்லை.

உள்ளே மாவு சலித்துக்கொண்டிருந்த அப்பத்தாவுக்கு மல்யுத்தமும் தெரியாது, பாரிஸும் தெரியாது. பேச்சு காதில் விழுந்திருக்கிறது. சல்லடையை நிறுத்திவிட்டுக் கேட்டது: "ஏப்பா, இப்பவாச்சும் அந்தப் புள்ளைக்கு யாராவது சோறு போட்டாகளா?"