சிறிய விரைவுப் படகுக்குச் சுக்கான் அமைத்தல்

ஒருவர் மட்டும் அமரக்கூடிய, அடிப்பாகம் தட்டையான ஒட்டுப்பலகைப் படகு ஒன்றுக்குச் சுக்கான் வரைந்துகொண்டிருக்கிறேன். பின்பலகைக்கு வெளியே தொங்கும் அவுட்போர்டு எஞ்சின் பூட்டிய படகில் புரொப்பல்லரே திரும்பிவிடும். எஞ்சின் உள்ளே நிலையாக இருக்கும் படகில் திருப்பும் பொறுப்பு முழுவதும் சுக்கானையே சேர்கிறது.

நீர் தரும் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது. 8 செ.மீ. அகலமும் 12.5 செ.மீ. ஆழமும் கொண்ட தகடு, மிதமான கோணத்தில் திரும்பும்போது, மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ அரைக் கிலோ எடை அளவுக்கே பக்கவாட்டில் தள்ளும். அதே தகடு, அதே கோணத்தில், 40 கி.மீ. வேகத்தில் 30 கிலோவுக்கு மேல் தள்ளும். படகுத்துறையில் மெதுவாகப் போகும்போது படகு மந்தமாகத் திரும்புகிறது என்று சுக்கானைப் பெரிதாக்குபவர்கள், வேகமெடுத்ததும் கை சற்று அசைந்தாலே வெட்டி இழுக்கும் படகைப் பெறுகிறார்கள். சுக்கானைச் சிறிதாகவே வைத்து, புரொப்பல்லர் பின்னே தள்ளும் நீரோட்டத்தில் நிறுத்துவதே மேல் என்பது என் கருத்து; மெதுவாகப் போகும்போதும் அந்த ஓட்டம் சுக்கானுக்கு வேலை கொடுக்கும்.

இதைவிடப் பெரிய எதிரி காற்று. பின்பலகையில் தொங்கும் சுக்கான் நீர்ப்பரப்பைக் கிழித்துக்கொண்டு செல்கிறது. அது திரும்பியதும் ஒரு பக்கத்தில் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்துக்கும் கீழே இறங்க, மேலிருக்கும் காற்று அந்தப் பக்கத்தை ஒட்டியே நாக்குப் போல இறங்கி நீரைத் தகட்டிலிருந்து பிரித்துவிடுகிறது. பிடி சட்டென்று விட்டுப்போக, ஓட்டுபவர் பதறி இன்னும் திருப்புவார்; கோணம் கூடக்கூட நிலைமை மோசமாகும். ஆகவே மெதுவான படகுகளுக்கு ஏற்ற, முன்விளிம்பு உருண்ட வடிவத்தை விட்டுவிட்டு, முன்னே கூர்மையாகவும் பின்னே தடித்து வெட்டிவிட்டதாகவும் இருக்கும் ஆப்பு வடிவத்தைத் தேர்ந்தேன். அதன் பின்முகத்தில் காற்று எப்போதும் இருப்பதால் நடத்தை திடீரென மாறுவது குறைகிறது. மெதுவாகச் செல்லும்போது இழுவை கூடும். அது கொடுக்கத்தக்க விலையே.

சுக்கான் எதைச் சுற்றித் திரும்புகிறதோ அந்தச் சுழல்தண்டின் இடத்தையும் கவனிக்க வேண்டும். சிறு கோணங்களில் விசை முன்விளிம்பிலிருந்து அகலத்தின் கால் பங்குத் தொலைவை ஒட்டி விழும். என் தகட்டில் அது 2 செ.மீ. தண்டை 1.5 செ.மீ.யில் வைத்தால் ஸ்டீயரிங் இலகுவாகவும் இருக்கும், கையை விட்டால் நடுவுக்கும் திரும்பும். 2 செ.மீ.யைத் தாண்டினாலோ சுக்கான் தானாகவே ஒரு பக்கம் பாய்ந்துவிடும்.

1950இல் சியாட்டிலின் வாஷிங்டன் ஏரியில் மணிக்கு 160 மைலுக்கு மேல் ஓடிச் சாதனை படைத்த ஸ்லோ-மோ-ஷன் நான்காம் படகில், ஓட்டத்தின்போது புரொப்பல்லரின் மேற்பாதி நீருக்கு வெளியே சுழன்றது. அத்தகைய அமைப்பில் கீழே உள்ள இலைகள் மட்டும் நீரைத் துடுப்புப் போல ஒதுக்குவதால், படகின் பின்பகுதி எந்நேரமும் ஒரு பக்கம் தள்ளப்படும். என் படகில் புரொப்பல்லர் முழுவதும் மூழ்கியிருப்பதால் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் தட்டை அடிப்பாகம் வளைவில் வழுக்கிப்போகும். பக்கவாட்டில் வழுக்காமல் பிடித்துக்கொள்ள, படகின் அடியில் மீனின் துடுப்புப் போன்ற ஒரு தகடு தேவை, அதை எடைமையத்துக்குச் சற்று முன்னே வைக்கிறேன்.

திருப்பம் இருபுறமும் 30 பாகையோடு நிற்கும். அதைத் தடுக்கும் கட்டைகளை ஸ்டீயரிங்கில் வைக்காமல் சுக்கானின் கைப்பிடித் தண்டிலேயே பொருத்துகிறேன். ஸ்டீயரிங்கைச் சுக்கானோடு இணைக்கும் கேபிள் நாளடைவில் தளர்ந்தாலும் கோணம் எல்லை மீறாது.