யார் சொல்லைக் கேட்டு

ஜூன் 2, ஞாயிறு

இன்று பிரசங்கம் பழைய ஏற்பாட்டின் கடைசிப் புத்தகம், மல்கியா 3. தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒன்றைக் காணிக்கையாகக் கொடுப்பது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது வருவதுதான். ஆனால் இந்தத் தடவை போதகர் ஐயா குரலை உயர்த்தி, "பத்தில் ஒன்றைக் கொடுக்காத வீட்டில் சாபம் உட்கார்ந்திருக்கும்" என்றார். கையோடு, "இதைக் கேள்வி கேட்கிறவர்கள் என்னைக் கேட்கவில்லை, அபிஷேகத்தைத் தொடுகிறார்கள்" என்றும், கர்த்தர் தன்னை ஊழியத்துக்குப் பிரித்தெடுத்ததைச் சொல்லி, சேர்த்துக்கொண்டார்.

எனக்கு முன்வரிசையில் அக்கா. (சொந்தம் இல்லை, சபையில் எல்லாருக்கும் அவர் அக்கா. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.) கணவர் இறந்து இரண்டு வருஷம். போன மாதம் வேலையும் போயிற்று. கையில் காணிக்கைக் கவர். ஒட்டின வாயைப் பிரித்து உள்ளே பார்த்தார். மறுபடி ஒட்டினார். பசை பிடிக்கவில்லை. காணிக்கைப் பை வரும்வரை கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அதற்குமேல் பிரசங்கம் என் காதில் ஏறவில்லை.

ஜூன் 4, செவ்வாய்

மல்கியா முழுவதையும் ஒரே மூச்சில் படித்தேன். நாலே அதிகாரம். மூன்றாம் அதிகாரத்தின் எட்டு, ஒன்பது, பத்தாம் வசனங்கள் எனக்கு மனப்பாடம். முதல் இரண்டு அதிகாரங்களைச் சேர்த்துப் படித்த ஞாபகமே இல்லை. அங்கே கர்த்தர் யாரைக் கடிந்துகொள்கிறார்? ஆசாரியர்களை. குருடும் முடமுமானதைப் பலிபீடத்துக்குக் கொண்டுவருகிறார்கள், ஜனங்களை வேதத்தைக் குறித்து இடறப்பண்ணுகிறார்கள் என்று. "ஆசாரியர்களே, இந்தக் கட்டளை உங்களுக்குரியது" என்றே இரண்டாம் அதிகாரம் தொடங்குகிறது. இந்தப் பகுதியில் பிரசங்கம் கேட்டதாக நினைவில்லை.

சாபம் இருக்கிறது, மறுக்கவில்லை. அது மோசேயின் நியாயப்பிரமாணத்தின் கீழ் இருந்த ஜனத்துக்குச் சொன்னது. "கிறிஸ்து நமக்காகச் சாபமாகி" என்று கலாத்தியர் 3:13-ல் படித்துவிட்டு, அதே சாபத்தை ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்து விசுவாசியின் வீட்டில் உட்காரவைப்பது எப்படிச் சரியாகும்? கொடுப்பதைப் பற்றிப் பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல" என்கிறார். பத்தில் ஒன்று என்ற கணக்கே அங்கே வரவில்லை.

ஐயா பக்கத்தையும் சொல்லவேண்டும். சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்களுக்கு அதனாலே பிழைப்பு உண்டாகவேண்டும் என்று சொன்னதும் அதே பவுல்தான். நெகேமியா காலத்தில் பங்கு வராததால், ஆலய ஊழியத்துக்கென்று பிரிக்கப்பட்ட லேவியர்கள் அந்த வேலையை விட்டு வயலுக்கு ஓடினார்கள். ஊழியம் காற்றைக் குடித்து நடக்காது. கேட்பதில் எனக்கு வருத்தமில்லை. பயத்தைக் காட்டிக் கேட்பதுதான் உறுத்துகிறது.

ஜூன் 6, வியாழன்

"நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாமலும்." சங்கீதம் 105. சின்ன வயதிலிருந்து இந்த வசனத்துக்குப் பயந்தவன் நான். இன்றைக்குத்தான் முந்தின வசனத்தோடு சேர்த்துப் பார்த்தேன். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு குடும்பம் கொஞ்சம் பேராய், நாடில்லாமல் அலைந்த காலம். அவர்களைத் தொடாதே என்று கர்த்தர் கடிந்துகொண்டது ராஜாக்களை. பலவானின் கையைத் தடுக்கச் சொன்ன வார்த்தை எப்படியோ திரும்பி, பலமில்லாதவன் வாயை அடைக்க வந்து நிற்கிறது.

தன்னைக் கொல்லத் தேடினபோதும், அபிஷேகம்பெற்ற ராஜா சவுலைத் தாவீது தொடவில்லையே என்பார்கள். தொடவில்லைதான். குகையில் சால்வைத் தொங்கலை அறுத்ததற்கே அவன் மனது அடித்துக்கொண்டது. ஆனால் அதே அதிகாரத்தில் வெளியே வந்து, அறுத்த துண்டைத் தூக்கிக் காட்டி, கர்த்தர் எனக்கும் உமக்கும் நடுநின்று நியாயம் விசாரிக்கட்டும் என்று முகத்துக்கு நேரே சொல்கிறான். கை ஓங்கவில்லை, வாயையும் மூடிக்கொள்ளவில்லை.

அந்தியோகியாவில் நடந்தது இன்னும் வெளிப்படை. யூத முறைமையை வற்புறுத்தின விருத்தசேதனக்காரருக்குப் பயந்து, யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிடுவதைப் பேதுரு நிறுத்தினபோது, பவுல் எல்லாருக்கும் முன்பாக எதிர்த்தார். பேதுருவின் அப்போஸ்தலப் பட்டம் போய்விடவில்லை. பவுலை யாரும் கலகக்காரன் என்று தள்ளவுமில்லை. பேதுருவின் இரண்டாம் நிருபத்தில் பவுல் "பிரியமான சகோதரன்".

ஜூன் 9, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் அக்காவைப் பிடித்தேன். மூன்று நாள் படித்ததை நின்ற இடத்திலேயே கொட்டினேன். "நீங்க கொடுக்கவேண்டாம்க்கா. நாம் கிருபையின் கீழ் இருக்கிறோம். பத்துச் சதவீதம் உங்கள்மேல் கட்டாயம் இல்லை. இந்த மாதம் கவரை வீட்டிலேயே வையுங்கள்."

தலையாட்டினார். எனக்கு அப்படி ஒரு திருப்தி. ஒரு ஆளை விடுதலையாக்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

ஜூன் 11, செவ்வாய்

ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். 1 பேதுரு 5:3, மூப்பர்களுக்குச் சொன்னது: "சுதந்தரத்தை இறுமாப்பாய் ஆளுகிறவர்களாக அல்ல." விசுவாசிகளின் சுதந்திரத்தில் தலையிடாதே என்று இத்தனை வருஷம் புரிந்துவைத்திருந்தேன். சுதந்திரம் வேறு, சுதந்தரம் வேறு. பழைய மொழிபெயர்ப்பில் சுதந்தரம் என்றால் பங்கு, உரிமைச் சொத்து. விடுதலைக்கு அங்கே சொல் சுயாதீனம். ஆக பேதுரு சொல்வது: உங்கள் பங்கில் வந்த ஆட்கள்மேல் அதிகாரம் பண்ணாதீர்கள், மந்தைக்கு மாதிரியாக இருங்கள்.

கலாத்தியர் 4:7-ல் அடிமையாயிராமல் புத்திரன், புத்திரனானால் சுதந்தரன் என்று வருகிறதே, அங்கேயும் அர்த்தம் வாரிசு. வாரிசுக்கு வீட்டில் பயமில்லை. ஆனால் வீடும் அவனுடையதுதான், அதனால் ஓடிப்போகவும் மாட்டான். என் எழுத்துக்கூட்டுப் பிழையால் இவ்வளவு நாள் எனக்கு இது தெரியாமல் போயிற்று.

ஜூன் 15, சனி

அக்கா போன் செய்தார். தூக்கம் இல்லையாம். கவர் அலமாரியில் இருக்கிறது, அதைப் பார்க்கிறபோதெல்லாம் நெஞ்சு அடித்துக்கொள்கிறதாம்.

"வசனம்தான் காட்டினேனே அக்கா" என்றேன், கொஞ்சம் சலிப்போடு.

"காட்டினீங்க தம்பி. ஐயாவும் வசனம்தானே காட்டினார்? அவர் சொன்னார், கொடுத்தேன். நீங்க சொன்னீங்க, நிறுத்திட்டேன். ரெண்டிலயும் நான் எங்க இருக்கேன்?"

எனக்குப் பதில் வரவில்லை. ஜெபிக்கிறேன் என்று சொல்லி போனை வைத்தேன். பதில் இல்லாதபோது நாம் சொல்வது அது.

ஜூன் 16, ஞாயிறு

ரோமர் 14, எதைச் சாப்பிடலாம், எது தீட்டு என்று விசுவாசிகள் மாறுபட்டதைப் பற்றின அதிகாரம். "அவனவன் தன்தன் மனதிலே முழு நிச்சயத்தை உடையவனாயிருக்கக்கடவன்." அதிகாரத்தின் கடைசி வரி இன்னும் கடினம்: விசுவாசத்தினாலே வராத யாவும் பாவமே. சாப்பிடலாம் என்பவன் பக்கம்தான் பவுல் நிற்கிறார், ஒரு பொருளும் தன்னிலே தீட்டுள்ளதல்ல என்று வெளிப்படையாகவே சொல்கிறார். இருந்தும் தீட்டென்று எண்ணுகிறவனைப் பிடித்து இழுத்துச் சாப்பிட வைக்காதே என்கிறார். நான் செய்தது அந்த இழுப்புதான்.

பெரோயா பட்டணத்தாரைப் பற்றி யோசித்தேன். பவுலே வந்து பேசியும், காரியங்கள் இப்படியிருக்கிறதா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்தவர்கள். அதற்காக நற்குணசாலிகள் என்று பெயர் வாங்கினவர்கள். இந்த மாதம் முழுக்க என்னை அவர்களில் ஒருவனாகத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த வசனத்தில் ஆராய்வதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது: மனோவாஞ்சையாய் ஏற்றுக்கொண்டு. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து ஆராய்ந்தவன். அப்புறம், அவர்கள் ஆளாளுக்கு ஆராய்ந்தார்கள். ஒருவன் ஆராய்ந்து மற்றவர்களுக்குத் தீர்ப்பு எழுதிக் கொடுத்ததாக அங்கே இல்லை.

சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1520-ல் கிறிஸ்தவனின் சுயாதீனத்தைப் பற்றி எழுதின சிறு நூலின் தொடக்கத்தில் இரண்டு வரி உண்டு. கிறிஸ்தவன் எல்லாவற்றுக்கும் மேலான எஜமான், ஒருவருக்கும் கீழ்ப்பட்டவன் அல்ல. கிறிஸ்தவன் எல்லாருக்கும் ஊழியக்காரன், எல்லாருக்கும் கீழ்ப்பட்டவன். முதல் வரியை நான் நிறையத் தடவை மேற்கோள் காட்டியிருக்கிறேன்.

ஜூன் 18, செவ்வாய்

அக்கா வீட்டுக்குப் போனேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு வேதத்தை அவர் கையிலேயே கொடுத்து, பக்கங்களை மட்டும் சொன்னேன்: மல்கியா, உபாகமம் 14, 2 கொரிந்தியர் 8, 9. விளக்கம் சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை. விரலை வரியில் வைத்து, உதடு அசைய, மெதுவாகப் படித்தார். முக்கால் மணி நேரம். எனக்கு இதைவிடப் பெரிய உபவாசம் கிடையாது.

உபாகமத்தில் விரல் நின்றது. மூன்றாம் வருஷத்துத் தசமபாகத்தை ஊர்வாசலிலே வைக்கவேண்டும். லேவியனும் பரதேசியும் திக்கற்றவனும் விதவையும் வந்து புசித்துத் திருப்தியடையவேண்டும். இதை ஒரு வாரமாக நானும் பார்த்திருக்கிறேன். லேவியனோடு நின்றுவிட்டேன்.

"தம்பி, இதுல விதவைன்னு இருக்கே."

"ஆமாக்கா."

"அப்போ நான் கொடுக்கிற பக்கமா, வாங்கிக்கிற பக்கமா?"

ஜூன் 23, ஞாயிறு

ஆராதனைக்குப் பிறகு அக்கா ஐயாவிடம் போனார். துணைக்கு வரட்டுமா என்றேன். வேண்டாம் என்றுவிட்டார். தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். கேட்கக்கூடாது என்று நினைத்தேன், கேட்டது.

குரலில் கோபமே இல்லை. "ஐயா, ஒரு சந்தேகம்" என்று ஆரம்பித்து, உபாகமத்தைத் திறந்து, அந்த வரியில் விரலை வைத்தார். ஐயா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். அபிஷேகம், தொடுவது என்று ஏதாவது வரும் என்று நான் தயாராக இருந்தேன். அவர் குனிந்து படித்தார். மறுபடி படித்தார். பின்னால் கை கொடுக்கக் காத்திருந்தவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னார்.

"உட்காருங்கம்மா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுத் தானும் உட்கார்ந்தார். "வேலை போனது எப்போ? எனக்கு யாரும் சொல்லலையே."

நானும் சொல்லவில்லை. மூன்று வாரமாக அவர் பிரசங்கத்தை வரிவரியாகச் சோதித்த நான், இந்த ஒரு விஷயத்தை அவரிடம் போய்ச் சொல்லவில்லை.

கவரை அக்கா கொண்டுவந்திருந்தாரா, பையில் போட்டாரா என்று நான் பார்க்கவில்லை.