மாடியில் ஒரு வாசிப்புக் குழு

ஜனவரி 4, 2026, ஞாயிறு

பாளையங்கோட்டைக் குழுவில் சேர்ந்தாயிற்று. பிள்ளைகளுக்கு எழுதுகிற ஆறேழு பேர், மாதம் இரண்டு ஞாயிறு, ஒருவர் வீட்டு மாடி. கதையை முன்கூட்டியே எல்லோருக்கும் அனுப்பிவிட வேண்டும், கூட்டத்தில் வேறொருவர்தான் வாசிப்பார், பேச்சு முடிகிற வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. இந்தக் கடைசி விதி எனக்கு ரொம்பப் பிடித்தது. புத்தகத்தின் பின்னாலேயே போய் ஒவ்வொரு பிள்ளையிடமும் 'நான் சொல்ல வந்தது என்னன்னா' என்று விளக்கவா முடியும்? நாமே வாசித்தால் தடுக்குகிற வரியைக் குரலால் சமாளித்துவிடுவோம், அடுத்தவர் வாசித்தால் மாட்டிக்கொள்ளும்.

'அருமை', 'சூப்பர்' சொல்லத் தடை. அதற்குத்தான் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களே.

ஜனவரி 18, ஞாயிறு

பொங்கல் கழிந்த கூட்டம், பாதிப் பேர் வரவில்லை. ஓர் அக்காவின் கதை பறவைகள் வந்து தங்குகிற கூந்தன்குளத்தில் நடக்கிறது, பட்டைத்தலை வாத்து ஊர் மரத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது. நாங்குநேரி அண்ணாச்சி விடவில்லை. "வாத்து இங்க விருந்தாளிம்மா. பனிக்காலத்துக்கு இமயமலையத் தாண்டி வருது, முட்டையெல்லாம் அங்கதான். மரத்துல கூடு கட்டுதது நாரைல்லா." அது சரிதான், மஞ்சள் மூக்கு நாரை அங்கே வீட்டோரத்து மரத்தில்கூடக் கூடு கட்டும், ஊர்க்காரர்கள் விரட்டமாட்டார்கள். கற்பனைதானே என்றார் ஒருவர். நான் அண்ணாச்சி பக்கம். வாத்து பேசினால் பிள்ளை அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளும், முட்டையிட்டால் நிஜமென்று நம்பிவிடும். வாத்தை மாற்றி நாரை என்று போடுங்கள் என்று ஆளாளுக்குச் சொன்னோம். அக்காவோ வாத்தை நாரைக் கூட்டை வேடிக்கை பார்க்கிற விருந்தாளி ஆக்கப்போகிறாராம். எங்கள் யோசனையைவிட இது எவ்வளவோ மேல்.

பிப்ரவரி 1, ஞாயிறு

என் முறை. பத்தமடையில் பாய் நெய்கிற ஆச்சி, பேத்தி, படப்புத்தகம், 600 சொல்லுக்கு மேல். (அம்பாசமுத்திரத்திலிருந்து வருகிற பஸ் பத்தமடை வழியாகத்தான் போகும், கதை ஜன்னலோர சீட்டில் கிடைத்தது.)

குழுவில் இருக்கிற டீச்சர் எட்டு ஏ4 தாளை நடுவில் மடித்து 32 பக்க டம்மி, அதாவது மாதிரிப் புத்தகம் செய்து, என் வரிகளை வெட்டி ஒட்டிக்கொண்டு வந்திருந்தார். படப்புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம், அச்சுத்தாள் மடிகிற கணக்கு அது. ஒட்டிப் பார்த்ததும் கண்ணில் அறைந்தது. ஆச்சி குனிந்திருந்தாள், கோரை பச்சையாக இருந்தது, ஆற்றில் வெயில் அடித்தது, எல்லாம் எழுத்திலேயே. "படம் போடுதவருக்கு என்ன மிச்சம் வச்சிருக்க?" என்றார் டீச்சர். பாவு நூல் (பாயில் நீளவாக்கில் ஓடுகிற நூல்) அறுகிற இடம் பக்கத்தின் நடுவில் கிடந்தது, பக்கத்தைத் திருப்பினால்தானே அது திடுக்கென்று வரவேண்டும். வாயை மூடிக்கொண்டு குறித்துக்கொண்டேன்.

கடைசியில் ஆச்சி ஓர் அறிவுரை சொல்லட்டும், பள்ளிக்கூடங்களில் வாங்குவார்கள் என்றார் ஒருவர். அதை வைக்கமாட்டேன். ஆனால் இன்னும் இரண்டு பேர் அதே கடைசிப் பக்கத்தில் 'முடிஞ்சிட்டா?' என்று கேட்டார்கள், அதை விட முடியாது.

பிப்ரவரி 10, செவ்வாய்

பிரதம் புக்ஸின் சிறுவர் கதை இணையதளமான ஸ்டோரிவீவரில், வாசிக்கத் தொடங்குகிற பிள்ளைகளுக்கான முதல் நிலைக் கதைக்கு 250 சொல்தான் எல்லை. அந்த அளவுக்குக் குறைத்துப் பார்க்கிறேன், 310-இல் நிற்கிறது. வெயில் போயிற்று, குனிந்த முதுகும் போயிற்று. பேத்தி அறுந்த நூலை முடிச்சுப் போடுவதோடு முடித்திருக்கிறேன், ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்தது அண்ணாச்சியின் சிறுவர் நாவல், முதல் அத்தியாயம் வந்துவிட்டது. இரண்டு பக்கம் ஆகியும் அந்தப் பையன் வீட்டை விட்டு வெளியே வரவில்லை, சிவப்பு மையில் கேட்டு வைத்திருக்கிறேன்.