பாலம் விழுந்த கதை

நேற்று மகளும் அவள் தோழனும் கட்டைகளை வைத்துப் பாலம் கட்டினார்கள். இருவருக்கும் நாலரை வயது. முதல் கால் மணி நேரம் பாலமே இல்லை, சண்டைதான். நீளக் கட்டை ஒன்றே ஒன்று. இருவருக்கும் அதுதான் வேண்டும். எழுந்து போய்ப் பஞ்சாயத்து செய்யக் கால் துறுதுறுத்தது. சரி, பார்ப்போம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம்தான் வேடிக்கை. ஒருவர் தூண்களைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் மேல் கட்டை நிற்காது என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். "நீ பிடிச்சுக்கோ, நான் வைக்கிறேன்." "அடுத்தது நான்தான் வைப்பேன்." ஒப்பந்தம் முடிந்தது.

மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1932இல் குழந்தைகளின் விளையாட்டைப் படிநிலைகளாகப் பிரித்து எழுதினார். இரண்டு வயதில் பெரும்பாலும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் விளையாட்டு. ஒரே நோக்கத்துக்காக வேலையைப் பிரித்துக்கொள்வதெல்லாம் பிறகு, வயது ஏற ஏறத்தான். இரண்டு வயதில் 'சேர்ந்து விளையாடு' என்று இவளை எத்தனை முறை அதட்டியிருப்பேன்! பாவம்.

பாலம் மூன்று முறை விழுந்தது. முதல் இரண்டு முறையும் ஒருவரையொருவர் குற்றம் சொன்னார்கள். மூன்றாவது முறை இருவரும் சேர்ந்து என்னைக் கைகாட்டினார்கள். நான் தும்மினேனாம்.